இரண்டு பாட்டுக்கு நடுவே: டிஜே இணைப்பு பற்றிய வாதங்கள்

நடன அரங்கில் ஒரு பாட்டு முடியும் தறுவாயில் இருக்கிறது. அடுத்தது வர வேண்டும். அந்த இடத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்கு டிஜேக்கள் சுமார் அறுபது ஆண்டுகளாக விடை சொல்லி வருகிறார்கள். விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதே இல்லை. பாட்டு மாறியதே தெரியக் கூடாது என்கிறது ஒரு கட்சி. மாறியது பளிச்சென்று தெரிய வேண்டும், கைத்திறனே அதில்தான் என்கிறது இன்னொன்று. வேகம் பொருந்தினால் போதுமா, சுருதியும் சேர வேண்டுமா என்பது மூன்றாவது வழக்கு. ஒரு பொத்தானை அழுத்தினால் கணினியே வேகத்தைப் பொருத்திவிடும் காலம் வந்த பிறகு, காதுக்கு அங்கே வேலை மிச்சம் இருக்கிறதா என்ற சண்டையும் சேர்ந்துகொண்டது. இவை எல்லாவற்றுக்கும் வெளியே நின்று, பாட்டை முழுசாக ஓடவிட்டு, கைதட்டலுக்கும் இடம் விட்டு, பிறகு அடுத்ததைப் போட்டால் என்ன குறை என்று கேட்டவர்களும் உண்டு.

இந்தக் கட்சிகள் எங்கே பிறந்தன, எதில் தடுமாறுகின்றன என்று பார்ப்பதோடு இக்கட்டுரை ஒரு வாதத்தையும் முன்வைக்கிறது. ஓர் இணைப்பு அமைவதும் அமையாமல் போவதும் பெரும்பாலும் அது எந்த பீட்டில் விழுகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு பாட்டும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பது அதற்கு அடுத்த கேள்வி. மேலே சொன்ன கட்சிகள் பலவும் இதை நடைமுறையில் அறிந்தே இருந்தன, ஆனால் தங்கள் கொள்கையாக வேறொன்றைச் சொல்லிக்கொண்டன என்றே தோன்றுகிறது.

ஒட்டுத் தெரியாத இணைப்பு

1960-களின் நடுவில் நியூயார்க்கின் ‘ஆர்தர்’ என்ற விடுதியில் டெர்ரி நோயல் இரண்டு டர்ன்டேபிள்களை வைத்துப் பாட்டுகளைக் கலந்ததாகப் பதிவுகள் உள்ளன. ஆனாலும் பீட்டோடு பீட் சேர்ப்பதை ஒரு முறையாக நிலைநாட்டியவர் என்று வரலாறுகள் பொதுவாகக் குறிப்பிடுவது பிரான்சிஸ் கிராசோவை. பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் நடந்த ‘சாங்க்சுவரி’ விடுதியில், 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அவர் வாசித்தார். டர்ன்டேபிளின் தட்டம் கீழே சுழன்றுகொண்டிருக்கும். மேலே வழுக்கும் விரிப்பின் மீது கிடக்கும் இசைத்தட்டை விரலால் பிடித்து நிறுத்தியிருப்பார். சரியான பீட் வரும் கணத்தில் விரலை எடுப்பார். மோட்டார் வேகம் பிடிக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லாததால் பாட்டு அந்தக் கணத்திலேயே முழு வேகத்தில் எழும். லெட் செப்பலின் பாட்டு ஒன்றின் குரலைச் சிகாகோ குழுவின் தாளத்தின் மேல் நீண்ட நேரம் ஓடவிட்டது அவரது பெயர்பெற்ற வித்தை.

இதன் கடினத்தை எண்களில் பார்ப்பது நல்லது. நிமிடத்துக்கு 125 பீட் ஓடும் இரண்டு பாட்டுகள், ஒன்று மட்டும் 0.1 பீட் கூடுதல் வேகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பீட்டின் நீளம் 480 மில்லி விநாடி. அரை நிமிடத்தில் இரண்டுக்கும் இடையே 24 மில்லி விநாடி விலகல் வந்துவிடும். ஒற்றை அடியாகக் கேட்ட டிரம் இரட்டை அடியாகத் தடுமாறத் தொடங்கும். ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிசகு இது. அன்றைய ரெக்கார்டுகளிலோ மனிதர்கள் டிரம் வாசித்தார்கள்; பாட்டுக்குள்ளேயே வேகம் ஏறி இறங்கும். ஆகவே கலவை நீடிக்கும் வரை விரல் தட்டின் ஓரத்தை விட்டு அகல முடியாது. இந்தச் சிரமம்தான் பிற்காலத்தில் இந்த முறைக்கு ஒரு வீரக் கதையின் மரியாதையைக் கொடுத்தது.

ஆடுபவர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு நெருக்கடி இருந்தது. பாட்டு முடிந்ததும் அவர்கள் களத்தை விட்டு விலகுவதைக் கவனித்த டாம் மோல்டன், இடைவெளியே இல்லாத ஒலிநாடாக்களைச் செய்தார். 1975-இல் வெளிவந்த குளோரியா கேனரின் ‘நெவர் கேன் சே குட்பை’ ஆல்பத்தின் முதல் பக்கத்தில் மூன்று பாட்டுகளை அவர் ஒரே ஓட்டமாக இணைத்தார். மறு ஆண்டு சால்சோல் நிறுவனம் வால்டர் கிப்பன்ஸ் நீட்டித்துக் கொடுத்த ‘டென் பெர்சென்ட்’ பாட்டைப் பன்னிரண்டு அங்குலத் தட்டாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1979-இல் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள் வந்தது. நேரடி மோட்டாரும், வேகத்தை எட்டு சதவீதம் வரை கூட்டவோ குறைக்கவோ உதவும் நெம்புகோலும் அதில் இருந்தன. 1980-களில் ரோலண்டின் டிரம் எந்திரங்களை வைத்துச் சிகாகோவில் ஹவுஸ் இசை எழுந்தபோது பாட்டுக்குள் வேகம் அலைபாய்வதும் நின்றது. தயாரிப்பாளர்கள் தாங்களாகவே தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளத்தை நீட்டி விட்டார்கள், கலப்பதற்கு வசதியாக. ஒட்டுத் தெரியாத இணைப்பில் பாதி வேலை இப்படி ஒலிப்பதிவுக் கூடத்திலேயே முடிந்துவிடுகிறது. இந்தக் கட்சியைப் புகழ்பவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

இக்கட்சியின் பெரிய பலவீனம் அதன் சொந்த நடைமுறையிலேயே இருக்கிறது. இரண்டு பாட்டின் கிக் டிரம்மும் பேஸும் சேர்ந்து ஒலித்தால் கீழ் ஒலிகள் குழம்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். அதனால் டிஜே புதிய பாட்டின் பேஸ் குமிழை மூடிவைத்து மேல் ஒலிகளை மட்டும் உள்ளே விடுவார். சில பத்து விநாடிகள் இரண்டும் சேர்ந்து ஓடும். பிறகு ஒரு குறிப்பிட்ட பீட்டில், ஒரே அசைவில், பழையதன் பேஸை மூடிப் புதியதன் பேஸைத் திறப்பார். அந்தக் கணம் களத்தில் இருக்கும் எல்லார் காலுக்கும் தெரியும். ஆரவாரம் எழுவதும் அப்போதுதான். மாற்றம் தெரியவே கூடாது என்பது உண்மையான நோக்கமாக இருந்தால் இந்தக் கணத்தை மழுப்பியிருக்க வேண்டும். நல்ல டிஜேக்கள் அதைக் கூர்மையாக்குகிறார்கள்.

வெட்டி ஒட்டும் மரபு

1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸின் செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில் நடந்த விருந்து ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. அங்கே வாசித்த கூல் ஹெர்க், பாட்டில் குரல் விலகித் தாளம் மட்டும் நிற்கும் ‘பிரேக்’ பகுதிக்குத்தான் இளைஞர்கள் ஆடுகிறார்கள் என்று கண்டுகொண்டார். பிரேக்கை முடித்ததும் இன்னொரு பாட்டின் பிரேக்குக்கு, அல்லது அதே பாட்டின் இன்னொரு பிரதிக்குத் தாவினார். ஊசியைக் கண்ணளவில் தூக்கி வைத்ததால் பீட் பல சமயம் தவறியது. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் இதைச் சரிசெய்ய எடுத்துக்கொண்ட வழி வியப்பானது. தட்டின் மேல் கிரேயானால் கோடு போட்டு, கடிகார முள்ளைப் போல அதைப் படித்தார். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் தட்டுக்கு ஒரு சுழற்சி 1.8 விநாடி. நிமிடத்துக்கு 100 பீட் ஓடும் பாட்டில் எட்டு பீட் என்பது 4.8 விநாடி, அதாவது இரண்டே முக்கால் சுழற்சிக்குச் சற்றுக் குறைவு. ஒரு பிரதி ஓடும்போது மற்றதை அத்தனை சுழற்சி பின்னோக்கி இழுத்து வைத்தால் பிரேக் முடிவதே இல்லை. 1981-இல் வெளிவந்த அவரது ‘வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்’ ரெக்கார்டில் ஷீக், குவீன், பிளாண்டி பாட்டுகள் வெட்டுண்டு மோதுகின்றன. ஒவ்வொரு வெட்டும் தெரிகிறது. தாளமோ ஓர் இடத்திலும் நொண்டுவதில்லை.

இந்த மரபின் குறை, வித்தை ஆட்டத்தைத் தின்றுவிடக்கூடும் என்பது. கீறல் ஒலியையும் வேக வெட்டையும் போட்டிக் கலையாக வளர்த்தபோது களத்தில் ஆடியவர்கள் மேடையைப் பார்க்கும் கூட்டமாக மாறினார்கள் என்ற விமர்சனம் உண்டு. அது கொஞ்சம் மிகையாக இருக்கலாம். ஆனால் நமக்கு வேண்டிய சான்று வேறு. ஒட்டுத் தெரியாத இணைப்புக்கு நேர் எதிரான இந்த முறையும் பீட்டுகளை எண்ணுவதில் அதே கண்டிப்போடு இருக்கிறது. மழுப்ப நேரம் இல்லாததால், சொல்லப்போனால், இன்னும் கூடுதல் கண்டிப்பு.

சுருதி சேர வேண்டுமா?

மூன்றாவது கட்சி வேகத்தோடு நிற்பதில்லை. இரண்டு பாட்டின் சுருதியும் ஒத்துப்போக வேண்டும் என்கிறது. மேற்கத்திய இசையின் 24 சுருதிகளை 1 முதல் 12 வரை எண்ணிட்டு, மைனருக்கு ஓர் எழுத்தும் மேஜருக்கு ஓர் எழுத்தும் சேர்த்து மார்க் டேவிஸ் வகுத்த ‘கேமலாட்’ சக்கரம் இதன் கைநூல். இசை இலக்கணம் தெரியாதவரும் பக்கத்து எண்ணுக்குப் போனால் இடறாது என்று அறிந்துகொள்ளலாம். பாட்டைக் கேட்டுச் சுருதியைச் சொல்லும் மென்பொருள்கள் 2000-களில் வந்ததும் இது பரவலாயிற்று. நீண்ட கலவையில் இரண்டு மெட்டுகள் சேர்ந்து ஒலிக்கும் போது இதன் பயன் மறுக்க முடியாதது. ராகமாலிகையில் ராகம் மாறினாலும் ஆதார சுருதி அசையாது, ஆகவே காதுக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. டிஜே வேலையில் அந்த ஆதாரமே இடம்பெயர்கிறது என்பதால் இந்தக் கவலை நியாயமானதும்கூட.

ஆனால் இசைத்தட்டில் வேகத்தையும் சுருதியையும் பிரிக்க முடியாது. ஆறு சதவீதம் வேகம் கூட்டினால் ஏறக்குறைய ஓர் அரைச்சுரம் ஏறும். மூன்று சதவீதம் கூட்டினால் எந்தச் சுரத்திலும் உட்காராத நடுவெளியில் போய் நிற்கும். சுருதியைப் பூட்டிவிட்டு வேகத்தை மட்டும் மாற்றும் டிஜிட்டல் வசதி வருவதற்கு முன்பு, கண்டிப்பான சுருதி இணைப்பு ஒரு சில பாட்டு ஜோடிகளுக்கே சாத்தியமாக இருந்தது. அந்தக் காலத்திலும் மகத்தான இரவுகள் நடந்தன. மேலும் டெக்னோ பாட்டுகள் பலவற்றில் சுருதி என்று சொல்லத்தக்க மெட்டே இராது. சுருதி தேவையான நிபந்தனை என்பது இதனால் அடிபடுகிறது. உதவும் நிபந்தனை என்று மட்டும் சொன்னால் நிற்கும்.

பொத்தானின் வேலை

வேகத்தை எந்திரமே பொருத்தும் ‘சிங்க்’ வசதி முதலில் மென்பொருளில் வந்தது. பிறகு, 2010-களில், விடுதிகளில் நிரந்தரமாக வைத்திருக்கும் பயனியர் பிளேயர்களிலும் ஏறியது. எதிர்த்தவர்களின் வாதம் இரண்டு வகை. காதைப் பழக்காதவர் பிசகு நேரும்போது திருத்தத் தெரியாமல் நிற்பார் என்பது ஒன்று. இது நடைமுறை உண்மை. மென்பொருள் பாட்டின் மேல் விரிக்கும் பீட் கட்டம் தவறாக இருந்தால் சிங்க் அந்தத் தவறையே நேர்த்தியாகச் செய்து முடிக்கும், மனிதர் டிரம் வாசித்த பழைய பாட்டுகளில் அடிக்கடி நடப்பதைப் போல. சிரமப்படாமல் வந்தது கலையாகாது என்பது இரண்டாவது. இதை ஏற்பது கடினம். கேட்பவருக்குச் சிரமம் கேட்பதில்லை. ஆதரித்தவர்களோ பீட் சேர்க்கும் வேலை மிச்சமானால் கை வேறு படைப்புக்குப் போகும் என்றார்கள். சிலருக்குப் போனது, பலருக்குப் போகவில்லை.

இந்தச் சண்டை ஒரு வகையில் நல்ல சோதனையாகவும் அமைந்தது. வேகம் பொருந்துவதே இணைப்பின் உயிர் என்றால், சிங்க் வந்த பிறகு மோசமான இணைப்பே இருக்கக் கூடாது. இருக்கிறது. பீட் மேல் பீட் மிகச் சரியாக உட்கார்ந்திருக்க, புதிய பாட்டின் எழுச்சி பழைய பாட்டின் குரல் நடுவில் வந்து விழும் இணைப்புகளை எந்த ஊர் விடுதியிலும் கேட்கலாம்.

இணைக்கவே வேண்டாம் என்பவர்கள்

நியூயார்க்கில் 1970-இல் தன் வீட்டிலேயே ‘லாஃப்ட்’ விருந்துகளைத் தொடங்கிய டேவிட் மான்குசோ முதலில் பாட்டுகளைக் கலந்தவர்தான். பிற்பாடு மிக்ஸரையே ஒதுக்கிவிட்டார். பாட்டை முதலிலிருந்து கடைசி வரை, அது பதிவான வேகத்திலேயே போடுவது, முடிந்ததும் சற்று அமைதி, பிறகு அடுத்தது. மிக்ஸர் வழியாகப் போகும் ஒலி தரம் குறைகிறது என்பதும், பாட்டை ஆக்கியவரின் நோக்கத்தில் கைவைக்கக் கூடாது என்பதும் அவர் பக்க நியாயம். ஜமைக்காவின் சவுண்டு சிஸ்டம் மரபு வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தது. அங்கே பல காலம் ஒரே டர்ன்டேபிள்தான். தட்டு மாறும் இடைவெளியை மைக் பிடித்தவரின் பேச்சு நிரப்பியது. கூட்டம் ஆர்ப்பரித்தால் ஓடும் பாட்டையே நிறுத்தி முதலிலிருந்து மறுபடி போடுவார்கள்.

தாளம் அறுபடாமல் ஓடுவதுதான் ஆட்டத்துக்கு உயிர் என்ற எண்ணத்தை இந்த இரண்டு மரபும் சேர்ந்து தகர்க்கின்றன. லாஃப்டில் ஆடியவர்கள் விலகிப் போய்விடவில்லை. ஆனால் இரண்டிலும் இடைவெளி எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். மான்குசோவின் அமைதி பாட்டு தன் போக்கில் முடிந்த பிறகே வருகிறது. ஜமைக்கரின் நிறுத்தமோ, பாட்டு உச்சத்தைத் தொட்டு எல்லாரும் அடுத்த பீட்டுக்குக் காத்திருக்கும் கணத்தில் வருகிறது. எதிர்பார்ப்பை முதலாமவர் நிறைவேற்றுகிறார். இரண்டாமவர் வேண்டுமென்றே முறிக்கிறார்.

சுற்றின் கணக்கு

நடன இசை நான்கு நான்கு பீட்டாக ஓடி, எட்டு முறை அடுக்கி, 32 பீட்டில் ஒரு சுற்றாக முடிவது வழக்கம். நிமிடத்துக்கு 128 பீட் என்றால் ஒரு சுற்று சரியாக 15 விநாடி. புதிய வாத்தியம் நுழைவதும், டிரம் விலகுவதும், எழுச்சி வெடிப்பதும் பெரும்பாலும் சுற்றின் முதல் பீட்டில். ஆடுபவர் எண்ணுவதில்லை, ஆனால் உடம்பு அறியும். இசையின் இன்பத்தில் என்ன வரும் என்பதைப் போலவே எப்போது வரும் என்ற எதிர்பார்ப்புக்கும் பெரிய பங்கு உண்டு என்று இசை ஆய்வாளர் டேவிட் ஹியூரன் 2006-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக வாதிட்டார். இணைப்பு பற்றிய பேச்சுக்கு அதுவே பொருத்தமான அடித்தளம் என்று தோன்றுகிறது.

அளவிட்ட சான்றும் உண்டு. பதிவான 1,557 மிக்ஸ்களை அவற்றில் இடம்பெற்ற மூலப் பாட்டுகளோடு பொருத்திப் பார்த்து, 20,765 இணைப்புகளை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளியாயிற்று. டிஜேக்கள் பெரும்பாலான பாட்டுகளின் வேகத்தைச் சிறிதளவே மாற்றுகிறார்கள், சுருதியை மாற்றுவது மிக அபூர்வம், இணைப்பின் நீளமோ 32 பீட்டின் மடங்குகளில் குவிகிறது என்று அதில் தெரிகிறது. கைகள் எதில் கண்டிப்பாக இருக்கின்றன என்பதை இது காட்டுகிறது.

மறுப்புகள் எளியவை அல்ல. பாட்டுகளே 32 பீட்டாகக் கட்டப்பட்டிருப்பதால் இணைப்பும் அப்படி விழுகிறது, இதில் டிஜேயின் தேர்வு எங்கே என்று கேட்கலாம். ஓரளவு சரிதான், எண்ணிக்கை பழக்கத்தைக் காட்டுமே தவிர தரத்தைக் காட்டாது. அந்த மிக்ஸ்களில் எலக்ட்ரானிக் நடன இசையே அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் கிரேயான் கோட்டைப் பார்த்துச் சுழற்சி எண்ணிய ஃபிளாஷுக்கு எந்த மென்பொருளும் பீட் கட்டம் வரைந்து கொடுக்கவில்லை. எல்லாம் பாட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது என்பது அடுத்த மறுப்பு. தேர்வு முதன்மையானது என்பதில் ஐயமில்லை. எனினும் தேர்ந்தெடுத்த அதே இரண்டு பாட்டை நன்றாகவும் இணைக்கலாம், நாறடிக்கவும் செய்யலாம். அந்த வித்தியாசத்தைத் தேர்வு விளக்காது.

கனமான மறுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது. டெக்னோ டிஜே ஜெஃப் மில்ஸ் டோக்கியோவின் லிக்விட் ரூம் விடுதியில் வாசித்து 1996-இல் வெளியான மிக்ஸில் பாட்டுகள் அவசரமாக நுழைந்து வெளியேறுகின்றன, பீட் விலகித் திருத்தப்படுவது காதில் விழுகிறது. அதையே உச்சமாகக் கொண்டாடுகிறார்கள். சிகாகோவின் ‘மியூசிக் பாக்ஸ்’ விடுதியில் ரான் ஹார்டி மிகையான வேகத்துக்கும் முரட்டு வெட்டுக்கும் பேர்போனவர். சுற்றைக் காத்தாலும் நல்லது, முறித்தாலும் நல்லது என்றால் இந்தக் கோட்பாடு எல்லாவற்றையும் விளக்கி எதையும் விளக்காததாகிவிடும். ஆகவே வாதத்தைக் குறுக்கிக்கொள்ள வேண்டும். சுற்றைக் காப்பதும் அதைத் துணிந்து முறிப்பதும் கேட்பவருக்கு வேண்டுமென்று செய்ததாகவே ஒலிக்கும். இரண்டும் இல்லாமல் நாலைந்து பீட் தள்ளி விழுவதே பிழையாக ஒலிக்கும். மில்ஸிடம் நழுவுவது பெரும்பாலும் மில்லி விநாடிகள்; சுற்று அவ்வளவாக நழுவுவதில்லை. ஹார்டிக்கு இதைப் பொருத்திப் பார்ப்பது கடினம். எஞ்சியுள்ள ஒலிநாடாக்கள் அந்தக் கூட்டத்தையும் வெக்கையையும் ஒலிபெருக்கியின் சத்தத்தையும் தருவதில்லை.

இப்படிக் குறுக்கிய வாதத்தைச் சோதித்துப் பார்க்க முடியும். வேகமும் சுருதியும் பொருந்திய இரண்டு பாட்டுகளை எடுத்து, புதியது நுழையும் இடத்தை 4, 8, 16 பீட் தள்ளித் தள்ளி வைத்து, ஆடுபவர்களைக் கேட்கலாம். அவர்கள் காலடியையும் அளக்கலாம். 16 பீட் விலகலை ஆடுபவர்கள் பொறுத்துக்கொண்டு 4 பீட் விலகலில் இடறினால் சுற்றின் கணக்குக்கு ஆதாரம் கூடும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஏற்றுக்கொண்டால், பழகிய டிஜேக்களின் காதுக்கு மட்டுமே தெரியும் ஒரு நாசூக்கை எல்லாருக்கும் பொதுவான விதியாக எண்ணிவிட்டோம் என்றாகும். சினிமாப் பாட்டு, ராக், ஆப்பிரிக்கப் பாட்டு என்று 32 பீட்டில் அடங்காத இசையைக் கலக்கும் அரங்குகளில் கேட்பவர் எதை எண்ணிக் காத்திருக்கிறார் என்பதும் தனியே ஆராய வேண்டிய விஷயம். பாட்டின் பகுதிகளைக் குறித்துக் காட்டும் மென்பொருள்களும் இப்போது வந்துவிட்டன. சிங்க் வேகத்துக்குச் செய்ததை இவை சுற்றுக்குச் செய்தால், இங்கே சொன்ன வாதமும் அதே மாதிரியான சோதனையைச் சந்திக்க வேண்டிவரும்.